பதினோராவது பெஞ்ச்

கேம்ப் ரோட்டில் இளநீர் விற்பவருக்கு நான் 'குப்பைக்கா'. அவர் சீவிப் போடும் இளநீர்க் கூடுகளை வாரத்துக்கு இரண்டு மூட்டை நான்தான் அள்ளிக்கொண்டு போவேன். கரும்புச் சாறு பிழிபவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அவர் கடைச் சக்கையும் என்னிடம்தான் வருகிறது. காய்ந்த பனைமட்டை, சாரம் கட்டிப் பிரித்த சவுக்குக் கழி, கல்யாண மண்டப வாசலில் கட்டிய வாழை மரம், எதையும் நான் விடுவதில்லை. இவற்றை உலர்த்தி, நசுக்கி, முறுக்கி, அழுத்தி நாற்காலியும் ஸ்டூலும் செய்வது என் தொழில். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கார் சீட் வடிவமைத்தேன். மண்ணில் மக்காத ஃபோமையும் ரெக்சினையும் வைத்துக்கொண்டு வேலை செய்ய மனசு ஒப்பவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அது பாதி உண்மை. மேலாளரோடு சண்டை போட்டது மீதி.

பாதி உண்மை சொல்வது எனக்குக் கைவந்த கலை. எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயில் வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அதன் நிழலில் நின்றுதான் டீ குடிப்போம், பெண் பார்ப்போம், புறம் பேசுவோம். ஒரு டிசம்பர்ப் புயலில் அது வேரோடு சாய்ந்தது. நல்ல வேளையாகக் கோயில் மேல் விழாமல் சுற்றுச்சுவர் மேல் விழுந்தது. சபைச் செயலாளர் விறகுக்கடைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். நான் ஓடிப்போய், "அங்கிள், எனக்குக் குடுங்க. இந்த மரத்துலயே பெஞ்ச் செஞ்சு அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் குடுக்கறேன்" என்றேன். அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால், விளைச்சலுக்கு நன்றியாகக் காணிக்கை வந்த ஒரு பூசணிக்காய்க்கே எங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நிற்கும். சொந்த மரத்தின் பெஞ்ச் என்றால் கேட்க வேண்டுமா? செயலாளர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மரத்தை மில்லில் பலகையாக அறுத்தாயிற்று. செய்துதர எனக்குத் தெரிந்த ஒரே நல்ல தச்சர் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம். அவர் மட்டும் கடலுக்குப் போகாமல் முதலில் படகு ரிப்பேரும் பிறகு பிளைவுட் வேலையும் பழகி, நாவலூர் அடுக்குமாடிகளில் ஒரு காண்டிராக்டரிடம் மாடுலர் கிச்சன் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யாருக்கு யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. என் பனைமட்டை நாற்காலிகளைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "அக்கா, இத்த மாடு பாத்துச்சுனா துண்ணுட்டுப் போய்டும்" என்பார். ஆனால் அவர் போட்ட மூட்டு ஆடாது.

பலகைகளைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. நடுவில் பழுப்பாக இருந்த வைரப் பகுதியைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் வெளுப்பாக இருந்ததை நகத்தால் கீறினார்.

"நடுவுல பரவால்ல. ஓரம் இன்னா வெள்ளையா கீது பாரு. அது அவ்ளோவும் மாவுச் சத்து. வண்டு வாசனை புடிச்சுகினு வந்துடும். ஒண்ணு மருந்துல முக்கணும், இல்லனா மூணு மாசம் தண்ணில கெடக்கணும். ரெண்டுல ஒண்ணு பண்ணாம கை வெக்காத."

மருந்து வேண்டாம் என்றேன். என் சாமான்களில் ரசாயனம் கிடையாது என்பது என் கொள்கை, விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தேன். அப்படியானால் தண்ணீர்தான் என்றார். நாவலூரில் ஒரு பிளாக் முழுக்க முடிக்க வேண்டியிருப்பதால் ஊறப்போடுகிற பொறுப்பு என்னுடையது, ஆகஸ்டில் அவர் வந்து வேலையைத் தொடங்குவார் என்று பேசிக்கொண்டோம். ஏப்ரலில் போடணும், ஜூன் கடைசியில் எடுக்கணும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றணும், அப்புறம் ஒரு மாசம் நிழலில் காயணும். ஒரு பழைய பிளைவுட் துண்டில் பென்சிலால் எழுதியே கொடுத்தார்.

முடிச்சூரில் என் சித்தப்பாவின் காலி மனையில் பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பி, பலகைகளை அடுக்கி, மேலே கல் வைத்து அமுக்கினேன். ஒரு வாரத்தில் தண்ணீர் கறுத்தது. பத்தாம் நாள் நாற்றம் தெருமுனை வரைக்கும் வந்தது. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா, இங்க குடிக்கத் தண்ணியில்ல, நீ கட்டைக்குக் குடுக்கறியா?" என்றார்.

அந்தக் கேள்வியால்தான் தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வாரம் நான் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போக வேண்டியிருந்தது. ஊரில் இல்லாதபோது தண்ணீர் மாற்ற ஆள் தேட எனக்குச் சோம்பல். பக்கத்து வீட்டம்மா எனக்குச் சாக்காக வந்து வாய்த்தார். திரும்பி வந்து மறுபடி போடலாம் என்று பலகைகளை வெளியே எடுத்து அடுக்கினேன். திரும்பி வந்தேன். போடவில்லை. மே போயிற்று, ஜூன் போயிற்று. நடுவில் தச்சர் ஒருமுறை போனில், "தண்ணி மாத்துறியாக்கா?" என்று கேட்டார். "மாத்தறேன்ணா" என்றேன். வாயில் சர்க்கரை போட்டதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

ஆகஸ்டில் அவர் வந்து முதல் பலகையை இழைத்தார். சுருள் சுருளாக விழுந்ததில் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னாக்கா, வாடையே காணோம்? மூணு மாசம் ஊறுன கட்டை சாக்கடை கணக்கா நாறணுமே."

"அடிக்கடி தண்ணி மாத்தினேன்ணா. அதான்."

"இவ்ளோ சீக்கிரம் காஞ்சும் போய்ட்ச்சு?"

"இந்த வெயில்ல காயாம என்ன?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுருளைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பலகையை எடுத்தார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த வருட ஏலத்துக்கு பெஞ்ச் இல்லை, அடுத்த வருடம் தருகிறேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். அதிகம் போனால் இரண்டு ஞாயிறு என்னைக் கேலி பேசியிருப்பார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தேன் என்று எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

பதினொரு பெஞ்ச் ஆயிற்று. இருவர் உட்காரும் அளவு, நான்கு கால், ஒரு திருகாணிகூடக் கிடையாது. வைரமும் வெள்ளையும் கலந்து ஓடிய அந்தப் பலகை அவ்வளவு அழகாக இருந்தது. வடிவம் என்னுடையது என்றாலும் அந்த அழகுக்குக் காரணம் மரமும் அவர் கையும்தான். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டினேன். பனையோலைக் கூழில் நானே செய்த அட்டை, என் கையெழுத்து: 'நம் கோயில் வளாகத்து மரம். ரசாயனம் இல்லை. மூன்று மாதம் தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்தது.' அதற்குக் கீழே, கைவேலை என்று போட்டு, அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். தச்சர் பெயரைப் போடும் டிசைனர் எத்தனை பேர் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஏலத்தன்று வளாகமே களைகட்டியது. முதல் பெஞ்சுக்கு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரும் எங்கள் எல்லோருக்கும் பள்ளியில் பாடம் நடத்திய தலைமையாசிரியை டீச்சரும் விட்டுக்கொடுக்காமல் கேட்டார்கள். டீச்சருக்கு எழுபதைத் தாண்டிய வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த மரத்தடியில்தான் அவருக்கு நிச்சயம் பேசி முடித்தார்களாம். ரயில்வேக்காரர் கடைசியில், "டீச்சர்கிட்ட ஜெயிச்சா எனக்குப் பரீட்சையில முட்டை போட்டுடுவாங்க" என்று விலகிக்கொண்டார். பதினோராவதை என் அம்மா ஏலத்தில் எடுத்தாள். மகள் செய்ததை வேறு யாரும் கொண்டுபோகக் கூடாதாம்.

அன்றைக்கே செயலாளர் தச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, சபையின் புது ஹாலுக்கு முழுக்கப் பெஞ்சும் மேசையும் அவரே செய்துதர முடியுமா என்று கேட்டார். காண்டிராக்டர் இல்லாமல், நேராக. அவர் என்னிடம் வந்து சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். வேங்கைவாசலில் ஒரு ஷெட் பார்த்து வைத்திருந்தாராம், கைக்கு வேலை இல்லாமல் எப்படி எடுப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாராம்.

"இனிமே எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்கா" என்றார்.

ஜனவரியில் ஒருநாள் காலை அம்மா துடைப்பத்தோடு நின்று, "இந்தப் பெஞ்சுக்குக் கீழ தெனமும் மாவு கொட்டுது, எங்கேர்ந்து வருதுன்னே தெரியல" என்றாள்.

குனிந்து பார்த்தேன். குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள், எல்லாம் வெள்ளை ஓரத்தில். தட்டினேன். சலித்த மைதாபோல ஒரு பிடி கொட்டியது.

எனக்கு எல்லாம் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரே மரம், ஒரே பக்குவம், அல்லது ஒரே பக்குவமின்மை. மற்றப் பத்து வீட்டிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கும். அன்று சாயங்காலமே பத்துப் பேருக்கும் போன் பண்ணியிருக்கலாம். நான் செய்தது வேறு. அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பெஞ்சை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் மெஷினால் துண்டு துண்டாக அறுத்து, இரண்டு சாக்கில் கட்டி, விறகடுப்பில் பிரியாணி செய்யும் கடையில் கொடுத்துவிட்டேன். கண்காட்சிக்குக் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் பெரிய காரணம் எதுவும் தட்டுப்படவில்லை. என் வேலையைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதுவதாக இருந்தார்கள். அட்டை என் கையெழுத்தில் இருந்தது. மற்ற பெஞ்சுகளில் ஒருவேளை வண்டு வந்திருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஏப்ரலில் டீச்சர் விழுந்தார். கோயிலுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்ட பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் உள்ளுக்குள் வெறும் பொடியாகியிருந்தது, படக்கென்று முறிந்தது. கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு உடைந்து, மாவுக்கட்டு போட்டார்கள். அடுத்த ஞாயிறு கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிய கையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். எங்க வீட்டிலும் பொடி கொட்டுது, எங்க வீட்டிலும்.

ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் சுவரோரம் கூடி நின்றார்கள். மரம் போனபிறகு நிழல் அங்கே மட்டும்தான். யாரோ அந்த அட்டையைக் கொண்டுவந்திருந்தார்கள். செயலாளர் சத்தமாக வாசித்தார்.

"மூணு மாசம் ஊறவெச்சதுன்னு போட்டிருக்கு. ஊறவெச்சிருந்தா எப்படி உளுக்கும்? இந்தப் பொண்ணை அந்த ஆள் நல்லா ஏமாத்தியிருக்கான். இவனை நம்பி ஹால் வேலையைக் குடுக்க இருந்தோமே."

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் கையில் டீக் கப் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நான் விசாரிக்கறேன் அங்கிள்" என்றேன்.

பச்சைப் பொய்யைவிடக் கேவலமானது இது. பொய் சொன்னால் ஒருநாள் மாட்டிக்கொள்வோம். இதில் மாட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அந்த வாரமே ஹால் வேலை ஒரு ஸ்டீல் ஃபர்னிச்சர் கடைக்குப் போயிற்று. தச்சர் எனக்கு மூன்று முறை போன் பண்ணினார். மூன்று முறையும் அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் பண்ணவில்லை. ஷெட் வேறு யாருக்கோ போய்விட்டது என்று பலகை அறுத்துக் கொடுத்த மில்காரர் சொன்னார்.

எங்கள் ஆராதனையில் ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை உண்டு. எல்லோரும் முழங்கால் போட்டு ஒரே குரலில் சொல்வோம். சின்ன வயதிலிருந்து மனப்பாடம், யோசிக்காமலே வாயில் வரும். அந்த இரண்டு மாதம் நான் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னேன். முந்நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது யார் எதைச் சொல்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். உறுத்தலுக்கு மருந்து தடவத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. வாசலில் அந்தப் பெஞ்ச் கிடந்தது. நான்கு காலோடு நின்றது. முறிந்த கால் இருந்த இடத்தில் வேறு மரத்தில் புதுக்கால், பொருத்திய இடம் தெரியாத அளவுக்கு நேர்த்தி. வெள்ளை ஓரமெங்கும் ஓட்டைகளை மெழுகால் யாரோ அடைத்திருந்தார்கள்.

"அந்தக் கார்பெண்டர்தான் வந்து போட்டுக் குடுத்தான்" என்றார் டீச்சர். "ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கதவைத் தட்டினான். டாக்டர் மாதிரி ஊசி வெச்சிருந்தான்மா. ஒவ்வொரு ஓட்டைக்கும் மருந்து ஏத்தி மெழுகு வெச்சான். மூணு மணி நேரம். ஒரு பைசா வாங்கல. எல்லார் வீட்டுக்கும் போறானாம், லீவு நாள்ல கோவளத்துலேர்ந்து பஸ் மாறி மாறி வந்து."

ஆப்பிள் பையைப் பெஞ்சின்மேல் வைக்கப்போய், தரையில் வைத்தேன்.

"பண்ணின தப்பு மனசை உறுத்தியிருக்கும் போல, பாவம்" என்றார் டீச்சர். "நான் ஒண்ணும் கேட்டுக்கல. டீ போட்டுக் குடுத்து அனுப்பினேன். அவன் நல்லவன்தான், என்னவோ ஒரு தடவை புத்தி கெட்டுப் போயிடுச்சு."

சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், கட்டு பிரித்த கை மெலிந்து வெளுத்து மடியில் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நீட்டினேன். எழுந்து வந்து நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் சொல்வது சுலபமாகத் தோன்றியது, அவருக்குக் கை முறியவில்லையே. பன்னிரண்டு நாள்தான் ஊறவைத்தேன், அட்டையில் எழுதியது பொய், தச்சர்மேல் தவறில்லை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

செயலாளர் சிரித்தார்.

"இதுக்கா இவ்ளோ பதட்டம்? விடும்மா. நம்ம சபைக்கு நல்லது பண்ணணும்னுதான செஞ்சே. தண்ணிக் கஷ்டத்துல நீ என்ன பண்ணுவே?"

"ஹால் வேலை, அங்கிள்..."

"அதெல்லாம் முடிஞ்ச கதை. ஸ்டீல் வந்து இறங்கியாச்சு. நீ இதைப் போய்ச் சபையில எழுந்து நின்னு சொல்லிக்கிட்டு இருக்காதே. உங்கப்பா பேர் இருக்கு." உள்ளே திரும்பி மனைவியிடம், "பாப்பாவுக்குக் காபி கொண்டா" என்றார்.

நாற்பது வயதுப் பாப்பாவுக்குக் காபி வந்தது. அது ஆறுவதற்குள் எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. தப்பே செய்யாதவருக்கு இரண்டு மாதத்தில் கிடைக்காதது. காபியைக் குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

திங்கட்கிழமை மதியம் நாவலூர் போனேன். ஒன்பதாவது மாடியில், ஆள் குடிவராத ஒரு ஃபிளாட்டில் அவர் சமையலறை அலமாரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். உட்கார அங்கே ஒரு பெயின்ட் வாளிதான் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டார். நான் உட்காரவில்லை. செயலாளரிடம் சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"தெரியும்கா. முதல் பலகை இழைக்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏண்ணா கமிட்டில சொல்லல?"

"நீ சொல்லுவனு நெனச்சேன்." மாட்டிய கதவைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நானும்தான் தெரிஞ்சே கை வெச்சேன். வேணாம்னு போய்கினே இருந்துருக்கணும். அப்பால ஹால் வேலை வந்துச்சு, ஆசைல கம்முனு இருந்துட்டேன். என் பேரு அட்டைல கீதுல்ல? அந்தப் பேரோட பெஞ்ச் உளுத்துப் போகக்கூடாது. அத்தான் ஊசிய எடுத்துகினு கெளம்புனேன்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுவேன், மன்னிப்பு கேட்பேன், அது ஒரு மாதிரி முடிந்திருக்கும். அவர் பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"பத்து வூடு முடிஞ்சிது. உன் வூட்டு பெஞ்ச் ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் மூணு வாட்டி ஃபோன் போட்டேன். எப்டி கீது அது? எப்ப வரட்டும்?"

அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். சண்டை போட இல்லை, நியாயம் கேட்க இல்லை. என் பெஞ்சைக் காப்பாற்ற.

"அது இல்லண்ணா" என்றேன். "அறுத்து விறகுக்குக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"ஜனவரில."

"ஜனவரில" என்று அவரும் சொன்னார். நோட்டை மூடினார். "டீச்சரம்மா வியுந்தது ஏப்ரல்ல."

ஜன்னலுக்கு வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஊறவைக்காததை அவர் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது. அதைத் தன் பங்குத் தப்பாகவும் எடுத்துக்கொண்டார். இதை மன்னிக்க அவரால் முடியவில்லை. அக்கா என்று கூப்பிட்ட அந்த முகம் வேறாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவுக்கு இன்னொரு கீல் மாட்டி, திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து ஊசியையும், மருந்து நிரப்பிய ஒரு தண்ணீர் பாட்டிலையும், ஒரு மெழுகுவர்த்தித் துண்டையும் எடுத்து அந்தப் பெயின்ட் வாளியின்மேல் வைத்தார்.

"டீச்சரம்மா வூட்டுப் பெஞ்சுக்கு ரெண்டாவது வாட்டி போடணும். நீங்க போங்க மேடம். நான் போனா டீ போட்டுக் குடுத்து, பரவால்லப்பா, மனுசன்னா தப்பு பண்றதுதான்னு சொல்றாங்க. எத்தினி வாட்டிதான் அத்தக் குடிக்கறது?"

மேடம் என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அடித்தபோது மணி நான்கு இருக்கும். கதவைத் திறந்து, என் கையிலிருந்த ஊசியைப் பார்த்து, "என்னம்மா, இப்போ நீயும் டாக்டர் ஆயிட்டியா?" என்று சிரித்தார். "உக்காரு, டீ வெக்கறேன்" என்று உள்ளே போனார். நான் பின்னாலேயே சமையலறை வாசல்வரை போனேன். பால் அடுப்பில் ஏறியிருந்தது.

"டீ வேண்டாம் டீச்சர். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

தொட்டியில் ஆரம்பித்தேன். அட்டையைச் சொன்னேன். ஜனவரியில் அம்மா பெருக்கிய மாவைச் சொன்னேன், மொட்டைமாடியைச் சொன்னேன், பிரியாணிக் கடையைச் சொன்னேன். எனக்கு முதலிலேயே தெரியும், ஒரு போன் பண்ணியிருந்தால் உங்கள் கை தப்பியிருக்கும் என்றேன். இந்த முறை பாதியில் நிறுத்தவில்லை.

டீச்சர் இடது கையால் அடுப்பை அணைத்தார். என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்து போய், தச்சர் சரிசெய்து கொடுத்த அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச் அது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பையன் போன் நம்பர் அட்டையில இருக்கு" என்றார். "உள்ள மேஜை மேல பாரு. கண்ணாடியையும் போனையும் எடுத்துட்டு வா."

எடுத்துவரப் போனேன்.